கோளாறு இல்லாத கை

சம்பா அறுவடை முடிகிற மாதத்தில் பூதலூர்ப் பக்கம் பேருந்தில் சன்னலோரம் உட்காரக் கூடாது, மேடம். முன்னால் வைக்கோல் லாரி போகும். அதை முந்தவும் இடமிருக்காது, பின்தங்கிப் போகவும் ஓட்டுநருக்கு மனம் வராது. காலையில் நான் அப்படித்தான் வந்தேன். சட்டைப் பைக்குள் இன்னும் இரண்டு வைக்கோல் தாள் கிடக்கிறது, பாருங்கள்.

ஏட்டு எழுதிக்கொள்ளட்டும். என் பெயர் இனியவன். வயது முப்பத்தொன்பது. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியர். யாரும் என்னை அழைத்து வரவில்லை, யாரும் மிரட்டவில்லை. நாளை நடுவர் முன்னாலும் இதையேதான் சொல்வேன்.

வைரக்கண்ணு இருபத்துமூன்று நாளாகக் கிளைச் சிறையில் இருக்கிறான். தன் முதலாளி பிரபுவைக் கழுத்தை நெரித்துக் கொன்றான் என்பது அவன் மேல் வழக்கு. நெரித்தது அவனுடைய வலது கை. அந்த வலது கை நான் செய்து கொடுத்தது. நேற்று உங்களுக்கு நிபுணர்களின் அறிக்கை வந்திருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில், செயற்கைக் கையில் ஏற்பட்ட கோளாறினால் நிகழ்ந்த மரணம் என்று ஒரு வரி இருக்கிறதாம். வைரக்கண்ணுவின் வழக்கறிஞர் அதை எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினார். நல்ல செய்தி என்று நினைத்து இரண்டு முறை படித்தார். அந்த வரியை வைத்து அவனை விட்டுவிடுவார்கள் என்றார்.

அவனை விடத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லி விடக் கூடாது. கையில் கோளாறு இல்லை. அது தனக்குச் சொன்னதைச் செய்தது, ஒரு மயிரிழைகூடப் பிசகாமல். அதைத் தெரிவிக்கத்தான் வந்தேன்.

முதலில் அந்தக் கை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது.

அது வெறும் கரி. பென்சிலில் இருப்பதும் அதே கரிதான். பென்சில் கரி தாள் தாளாக அடுக்கியிருக்கும். நாம் எழுதும்போது மேல்தாள் வழுக்கிக்கொண்டு வந்து காகிதத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதில் ஒரே ஒரு தாளை, ஓர் அணு தடிமன் உள்ளதை, கோரைப் பாய் போலச் சுருட்டி ஓரத்தோடு ஓரம் சேர்த்துவிட்டால் அதுதான் நானோ குழாய். கையால் யாரும் சுருட்டுவதில்லை. உலைக்குள் இரும்புத் துகளைத் தூவி, கரி கலந்த வாயுவை விட்டால் அது தானே குழாயாக முளைக்கும். உங்கள் தலைமயிர் ஒன்றின் குறுக்கே பல ஆயிரம் குழாய்களை வரிசையாக வைக்கலாம்.

முளைக்கும் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. சிலிக்கான் சில்லின் மேல் அவை நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக, நேராக நிற்கும். ஓரத்தில் ஒரு கொத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தால் அடுத்த கொத்து தொற்றிக்கொண்டு வரும். நாற்றுப் பறிக்கும்போது வேர் பின்னிக்கொண்டு வருமே, அப்படி. இழுத்துக்கொண்டே முறுக்கினால் நூல் கிடைக்கும். கன்னங்கரிய நூல். எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட வலிமை, செம்பு போல மின்சாரமும் பாயும்.

இதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பூமியிலிருந்து வானத்துக்கு ஒரு மின்தூக்கி கட்டலாம், அதற்குக் கயிறு இதுதான் என்பேன். கடல்நீரைக் குடிநீராக்கும் சல்லடை. டீ குடித்து முடிப்பதற்குள் நிரம்பிவிடும் பேட்டரி. பின்வரிசையில் தூங்குகிறவன்கூட எழுந்துவிடுவான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது இவை எதுவும் அல்ல. அந்த நூலை அளவுக்கு மீறி முறுக்கினால் அது தன்மேல் தானே சுருண்டு, பழைய தொலைபேசியின் வயர் போல ஆகிவிடும். அந்தச் சுருளில் மெழுகை ஊற வைக்க வேண்டும். மின்சாரம் பாய்ந்தால் மெழுகு சூடாகி விரியப் பார்க்கும், விரிய இடமிருக்காது, சுருளைத் தள்ளும். சுருள் சட்டென்று குறுகிவிடும். மின்சாரத்தை நிறுத்தினால் ஆறித் தளரும். குறுகுவது, தளர்வது. நம் தசை செய்வதும் அவ்வளவுதானே. அதே எடையுள்ள மனிதத் தசையைவிட இது நூறு மடங்கு பாரம் இழுக்கும், களைப்பே கிடையாது.

இப்படி நானூற்றுப் பன்னிரண்டு நூல்கள் அந்தக் கைக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நான் முறுக்கினேன். அறிக்கை எழுதியவர்கள் உறையைக் கிழித்துவிட்டு ஒரு புகைப்படம் எடுத்ததோடு சரி.

வைரக்கண்ணு பிரபுவிடம் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தான். அறுவடை முடிந்த வயலில் கிடக்கும் வைக்கோலை வாரிச் சுருட்டிக் கட்டாகத் துப்பும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுப்பார்கள். பிரபுவிடம் அப்படி மூன்று இருந்தன. ஒன்றை வைரக்கண்ணு ஓட்டினான். இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே மாசியில், உருளைகளுக்கு நடுவே சிக்கிய வைக்கோலை இழுக்கப் போய் வலது கை மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல்கடை வரை போயிற்று. உருளை கையை வெட்டுவதில்லை, மேடம். வைக்கோலை என்ன செய்யுமோ அதைத்தான் செய்யும். உள்ளே இழுக்கும், நசுக்கும், சுருட்டும். ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டியதை மட்டும் எடுத்தார்கள், மற்றது கட்டோடு போய்விட்டது.

ஒன்றரை வருடத்தில் அவனுக்குக் கையைச் செய்து கொடுத்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் மாட்டினேன். விரல்களைத் திறந்து மூடுவது அவனுக்கு மூன்றே நாளில் வந்துவிட்டது. தோளுக்குக் கீழே மிச்சமிருக்கும் தசை லேசாக இறுகினால் போதும், அந்த அசைவைக் கை புரிந்துகொள்ளும். ஆனால் ஒரு வைக்கோல் கட்டு முப்பது கிலோ. அதைத் தூக்கி லாரியில் வைக்கும் வரை மிச்சத் தசையை இறுக்கியே வைத்திருக்க எவனாலும் முடியாது. ஆகவே பிடிக்கு ஒரு பூட்டு வைத்தேன். குரலால் மூடும், குரலால் திறக்கும்.

அதைப் பழக்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வைரக்கண்ணுவின் வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"பிடின்னு சொல்லுப்பா," என்றேன்.

"பிடிங்க."

"பிடிங்க இல்ல. பிடி."

"உங்க முன்னாடி எப்படி சார்? நீங்க செஞ்ச கை. உங்களையே வேலை ஏவுற மாதிரி இருக்கு."

அடுப்படியிலிருந்து அவன் மனைவி கயல்விழி எட்டிப் பார்த்தாள். "பதினோரு வருசத்துல என்னை ஒரு தடவை வாங்கன்னு கூப்பிட்டிருப்பீங்களா? கரிக் கைக்குப் போயி மரியாதையப் பாரு."

"அது சொன்னாக் கேட்குது. நீ கேப்பியா?"

"நானும் பேட்டரி போட்டுக்கறேன், அப்பக் கேக்கறேன்."

சிரித்தோம். அவனை மாற்ற முடியவில்லை, ஆகவே கையை மாற்றினேன். கைக்குள் இருக்கும் சில்லுக்குச் சொல்லின் அர்த்தம் தெரியாது. ஒலியின் வடிவம் மட்டுமே தெரியும், அதுவும் யாருடைய குரலைப் பதிந்து வைத்திருக்கிறோமோ அவருடைய குரலில் வந்தால். பூட்டு மூடுவதற்கு 'பிடி' என்ற இரண்டு எழுத்து இருந்தால் போதும், பின்னால் எது ஒட்டினாலும் சரி என்று வைத்தேன். திறப்பதில் கண்டிப்பு வேண்டும். லாரி மேல் நிற்கிறவன் பேச்சுவாக்கில் 'அதை விடு' என்று சொல்லப் போய், கட்டு கீழே நிற்கிறவன் தலையில் விழக் கூடாது. எனவே 'விடுங்க' என்ற முழுச்சொல் வந்தால் மட்டும் திறக்கும். பிடிப்பதற்கு மரியாதை தேவையில்லை, விடுவதற்குத் தேவை. இது கோளாறு அல்ல, யோசித்துச் செய்தது.

பிரபுவைப் பற்றிச் சொல்கிறேன். பழைய மிராசுக் குடும்பம். நாற்பத்தைந்து வயது. அவருக்கு 'டா' இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. கூட்டுறவு வங்கிச் செயலாளர், சொந்த மைத்துனர், டிராக்டர் என்று வித்தியாசமே கிடையாது. என்னை மட்டும் சார் என்பார். வைரக்கண்ணு புதிய கையோடு வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நான் அங்கே இருந்தேன்.

"ஏன்டா வைரம், ரோபோ ஆயிட்டியாமே. இனிமே உனக்குச் சோறு போடணுமா, டீசல் ஊத்தணுமா?"

"ரெண்டும் குடுங்க முதலாளி. ஞாயித்துக்கிழமை டீசல் வேணாம்."

அவர் சிரித்துக்கொண்டே அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை.

இனி அந்தக் காலை. தை மாதக் கடைசி, ஒன்பது மணி. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரபுவின் வைக்கோல் களம். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து கவனித்துக்கொண்டதற்கு முதலாளிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வைரக்கண்ணு ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். புதிய கையால் சால்வை போர்த்தி, படம் எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். சால்வையும் நானே தஞ்சாவூரில் வாங்கினேன்.

சால்வை போர்த்துவதில் ஒரு நிலை உண்டு, நீங்கள் கவனித்திருப்பீர்கள். எதிரில் நின்று, இரண்டு கையையும் அவர் தோளுக்கு மேலே கொண்டுபோய், முதுகுப் பக்கம் விட்டு, முன்னால் இழுத்துவிட வேண்டும். படம் எடுக்கிறவர் 'அப்படியே இருங்க' என்பார். இருவரும் அசையாமல் கேமராவைப் பார்ப்பார்கள். அப்போது போர்த்துகிறவனின் நான்கு விரல்கள் பிடரியிலும், கட்டைவிரல் தொண்டைக்குப் பக்கத்திலும் இருக்கும். வேறு எந்தச் சந்தர்ப்பத்திலும் ஒருவர் கழுத்தில் இன்னொருவர் கையை அவ்வளவு இயல்பாகக் கொண்டுபோய் வைக்க முடியாது.

அன்று காலை கையை மாட்டிவிடும்போது வைரக்கண்ணுவின் குரலை அதிலிருந்து எடுத்துவிட்டேன். பிரபுவின் குரலைப் போட்டேன். அதற்கு முந்தின வாரம் அவரை ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்துப் பத்து நிமிடம் பேசச் சொல்லிப் பதிந்திருந்தேன். விரல் எவ்வளவு அழுத்தலாம் என்று ஓர் எல்லை வைத்திருந்தேன், அதையும் எடுத்துவிட்டேன்.

சால்வை தோளில் விழுந்தது. நான் செல்போனை உயர்த்தி, "அப்படியே இருங்க. பிரபு சார், நீங்களே ஒரு தடவை சொல்லிப் பாருங்க, உங்க பேச்சையும் கேட்கும்," என்றேன்.

"அப்படியா? ஏன்டா வைரம், உன் கையி இனிமே என் கட்சியாம்டா. எங்க, பிடிடா பார்ப்போம்."

அந்தப் படம் என் போனில் இருக்கிறது. பிரபு பல் தெரியச் சிரிக்கிறார்.

மனிதனுக்குக் குரல் பிறக்கிற இடம் குருத்தெலும்பால் ஆன சின்னப் பெட்டி. அது நசுங்கினால் பேச்சு வராது. நசுங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன், நான்கு விநாடி. விரல்கள் மெதுவாகத்தான் இறுகத் தொடங்கும், மெழுகு சூடேற வேண்டும் அல்லவா. முதல் விநாடியில் அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில், "டேய், விடுடா," என்றார். மூன்றாவதில், "விடுடா வைரம்." பிறகு கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்து, "சார், விடச் சொல்லுங்க," என்றார். 'விட'வும் இருந்தது, 'ங்க'வும் இருந்தது. மிக நெருங்கி வந்துவிட்டார். சில்லு அதை வேறு சொல்லாகத்தான் எடுத்துக்கொண்டது. அதன் துல்லியத்துக்கு இதைவிடச் சான்று கிடைக்காது.

பிறகு பச்சை மூங்கிலைக் காலால் மிதித்தது போல ஒரு சத்தம்.

வைரக்கண்ணுவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "விடுங்க, விடுங்க," என்று கையைப் பார்த்துச் சொன்னான். பிறகு அலறினான். "விடுங்க சாமி, விடுங்க." சரியான சொல். முந்தின நாள் வரை அவன் மெதுவாக முணுமுணுத்தாலே திறந்த கை. இடக்கையால் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தான். அவன் நகம் இரண்டு பெயர்ந்தது. பிரபுவின் முகம் கறுத்து, மூக்கிலிருந்து இரத்தம் சால்வையில் சொட்டியது. அவர் காலால் உதைத்ததில் வைரக்கண்ணுவின் முழங்கால் தோல் உரிந்தது.

கையைத் தோளோடு பிணைத்திருக்கும் வார்களுக்கு முதுகில்தான் கொக்கி. போட்டிருப்பவனால் கழற்ற முடியாது, இன்னொருவர் வேண்டும். அவன் பிரபுவையும் இழுத்துக்கொண்டு திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி நின்றான். "கழட்டுங்க சார். கழட்டுங்க சார்." நான் இரண்டடி பின்னால் போனேன்.

அதன் பிறகு அவன் கையை டிராக்டர் மட்கார்டில் ஓங்கி ஓங்கி அடித்தான். கை உடையவில்லை. கழுத்து கைக்குள் இருந்ததால் ஒவ்வோர் அடிக்கும் பிரபுவின் தலையும் போய் மோதியது. பிரேதப் பரிசோதனையில் மண்டைப் பிளவு என்று எழுதியிருப்பது அதைத்தான். அது கொல்வதற்கு அடித்தது அல்ல, காப்பாற்ற அடித்தது. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். லாரியில் பாரம் ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் கடப்பாரையோடு ஓடி வந்தார்கள். அவர்கள் வருவதற்குள் வைரக்கண்ணு கட்டுக் கயிறு அறுக்கும் அரிவாளை இடக்கையில் எடுத்துத் தன் வலது புஜத்தை அறுக்கத் தொடங்கியிருந்தான். வாரைத்தான் அறுக்க நினைத்தான். வாருக்கு அடியில் சதை இருந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரியும் வரை அறுத்துவிட்டு மயங்கி விழுந்தான். அரிவாள் இரண்டு இடத்தில் என் நூலிலும் பட்டிருக்கிறது. நூல் அறவில்லை.

பேட்டரி தீரும் வரை, பத்தொன்பது நிமிடம், கடப்பாரைக்கும் பிடி தளரவில்லை. இதைத்தான் கோளாறு என்கிறார்கள்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். என் அப்பாவும் வைரக்கண்ணுவின் அப்பாவும் பிரபு வீட்டு வயலில் அடுத்தடுத்த முனையில் நின்று நாற்று நட்டவர்கள். எங்கள் வீட்டில் நான் படித்து சார் ஆகிவிட்டேன், அவன் டாவாகவே இருந்தான். ஒரு மனிதரிடம் ஒரே ஒரு முறை, 'விடுங்க' என்று மரியாதையாகச் சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலைமை வந்தால் பிரபு சொல்வாரா? இது நியாயமான கேள்வி என்று எனக்குப் பட்டது. சாவி அவர் வாயிலேயே இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு நான் சாவியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அவர் அப்படிச் சொல்லியிருந்தால் திறந்திருக்குமா என்று கேட்கிறீர்கள். திறந்திருக்கும். பிரபுவின் குரலில் அந்தச் சொல்லைச் சோதித்துப் பார்க்கவில்லை. அவர் பேசிய பத்து நிமிடத்தில் அந்தச் சொல் வரவே இல்லை.

"வைரக்கண்ணு உங்களை மாதிரிச் சொல்லலையே," என்கிறீர்கள். "முதலாளி டா போட்டாத்தான் எனக்கு வேலை ஓடும், சார்னு கூப்பிட்டா கோவமா இருக்கார்னு அர்த்தம்னு சொல்றாரு."

அவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

மேசையில் அதை எடுத்து வைத்துவிட்டீர்கள். என் ஆய்வுக்கூட அலமாரியில், மேல்தட்டில் இருந்திருக்கும். சுண்ணச் சாந்தில் எடுத்த அச்சு. வைரக்கண்ணுவின் வலது கைதான். ஆயுள்ரேகைகூடப் பதிந்திருக்கிறது பாருங்கள், சுண்டுவிரல் லேசாக வளைந்திருப்பது அவன் சின்ன வயதில் கபடி ஆடி முறித்துக்கொண்டது. செயற்கைக் கையிலும் அந்த வளைவை அப்படியே வைத்தேன். கயல்விழி அதைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தாள்.

அடியில் இருப்பது என் கையெழுத்துதான். எந்த அச்சானாலும் தேதி எழுதிவிடுவேன். ஜனவரி பத்தொன்பது. இயந்திரத்தில் அவன் கை போனது பிப்ரவரி பதினாறு. நீங்கள் கணக்குப் போட்டுவிட்டீர்கள் என்று தெரிகிறது.

கை போன பிறகு அச்சு எடுக்க முடியாது, மேடம்.

அதையும் சொல்லிவிடுகிறேன். தொடங்கிய விளக்கத்தைப் பாதியில் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை. வைரக்கண்ணுவுக்கு முன்னால் இரண்டு பேரிடம் முயன்று பார்த்தேன். கீழ்வேளூரில் ஒருவர், பத்து வருடத்துக்கு முன் அரைவை மில்லில் கையை இழந்தவர். வேதாரண்யத்தில் ஓர் உப்பளத் தொழிலாளி, சர்க்கரை நோயால் எடுத்தது. இருவருக்கும் மிச்சத் தசை வற்றிப்போயிருந்தது. தனக்குக் கீழே ஒரு கை இருந்தது என்பதே தோளுக்கு மறந்துவிட்டது. மறந்த தோளில் எவ்வளவு நல்ல கையை மாட்டினாலும் அது பொம்மைதான். எனக்குக் கையை நினைவில் வைத்திருக்கும் தோள் வேண்டும். பலசாலியாக, இளைஞனாக, நான் சொன்னால் சந்தேகப்படாமல் செய்கிறவனாக இருந்தால் நல்லது. அப்படி ஒருவன் என் தெருவிலேயே இருந்தான், இரண்டு கையோடு இருந்தான். அது ஒன்றுதான் குறை.

தொழிலாளர் கை அளவு பற்றிய ஆய்வு என்று சொல்லி அச்சு எடுத்தேன். சாந்து குளிர்ச்சியாக இருக்கிறது என்று சிரித்தான். நான்கு வாரம் கழித்து, இயந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று அவனோடு வயலுக்குப் போனேன். டிராக்டர் இருக்கையில் என்னை உட்கார வைத்தான். பதினொரு மணிக்கு வைக்கோல் சிக்கியது. டிராக்டரிலிருந்து உருளைக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் லீவரைத் தள்ளி நிறுத்திவிட்டு அவன் இறங்கினான். முறையாகத்தான் செய்தான், அவன் மேல் தப்பில்லை. "சார், அதைத் தொட்டுடாதீங்க," என்றும் சொன்னான். வலது கை உருளைக்குள் மணிக்கட்டைத் தாண்டிப் போகும் வரை காத்திருந்து லீவரை இழுத்தேன். முழங்கை வரை போய்விடாமல் உடனே நிறுத்த வேண்டியிருந்தது. முழங்கை போய்விட்டால் வேலை மூன்று மடங்கு. அந்த நிதானம் எனக்கு இருந்தது என்பதில் இப்போதும் எனக்குத் திருப்தி உண்டு.

பிரபு அப்போது வரப்பில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். இது எனக்கு இரண்டு வருடம் தெரியாது. போன மாதம் ஆய்வுக்கூடத்தில், இன்னொருவர் குரலுக்கும் கை பழகுமா என்று பார்க்கத்தான் அவரைக் கூப்பிட்டேன். வேறு எண்ணம் எதுவும் அப்போது இல்லை. மைக்கை முன்னால் வைத்ததும், "என்ன சார் பேச?" என்றார். எது வேண்டுமானாலும் பேசுங்கள் என்றேன். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேசினார். அந்தப் பதிவு என் கணினியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.

"அன்னைக்கு வரப்புலேருந்து பார்த்தேன் சார். லீவர்ல உங்க கை இருந்துச்சு. தெரியாமப் பட்டுடுச்சுன்னு நெனச்சேன், இப்பவும் அப்படித்தான் நெனக்கிறேன். அந்த வேதனையிலதான் நீங்க இவ்வளவு பாடுபட்டு அவனுக்குக் கை செஞ்சு குடுத்திருக்கீங்க. எனக்குப் புரியுது. நானும் இதுநாள்வரைக்கும் வாயத் தொறக்கல. ஆனா அவன், லீவரைச் சரியாத் தள்ளாம எறங்கிட்ட தன் தப்பாலதான் கை போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கான் சார். பொண்டாட்டிகிட்டச் சொல்லி அழறான். நீங்களே அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் கூட வர்றேன். அவன் மனசு எனக்குத் தெரியும், மன்னிச்சுடுவான். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன் சார். கோவிச்சுக்காதீங்க."

நல்ல மனிதர். சரியாகவும் சொன்னார். வைரக்கண்ணு என்னை மன்னித்திருப்பான். மன்னித்துவிட்டு, கையைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருப்பான். அதைத்தான் என்னால் அனுமதிக்க முடியவில்லை. சிறைக்கு நான் பயந்தவன் அல்ல, பயந்திருந்தால் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தக் கைக்கு உலகத்தில் ஒரே ஒரு தோள்தான் இருக்கிறது. பிரபு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

நான் முன்னால் சொன்ன மரியாதைக் காரணத்தையும் அடிக்க வேண்டாம், இருக்கட்டும். அதுவும் உண்மைதான் என்று நான் நினைக்கிறேன்.

என்ன சொல்கிறார் ஏட்டு? பக்கத்து அறையிலா? விடுதலைத் தாளில் ரேகை வைக்க அழைத்து வந்த வைரக்கண்ணுவை அங்கேயே உட்கார வைத்திருந்தீர்களா? கதவு இவ்வளவு நேரமும் திறந்துதான் இருந்ததா?

பரவாயில்லை. நான் சொல்வதைவிட அவனே கேட்டது நல்லது. அழுகிறான் என்கிறீர்கள். அழட்டும். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும், மேடம். காவலுக்கு நின்றவரைக் கேட்டுச் சொல்லுங்கள். கண்ணைத் துடைக்க அவனுக்கு எந்தத் தோள் முதலில் எழுந்தது?

வலதா. நன்றாகப் பார்த்தாராமா. அந்தத் தோள் கையை இன்னும் மறக்கவில்லை.

அப்படியானால் அவன் என்னை மன்னித்துவிட்டான் என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.